புதன்கிழமை விமானம்

குமாசி,
8 மார்ச் 1992

என் அன்பு கொனாடு அக்காவுக்கு,

திவா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்கு வழக்கமான கோபம், எனக்கு மூக்கடைப்பு. மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம். நீயும் அடுசே அத்தானும், எல்லோரையும்விட முக்கியமாக அந்தப் புது ஆளும், சுகமாக இருக்க வேண்டும்.

தந்தி வெள்ளிக்கிழமை வந்தது. "விமானத்தில் பெண் பிறந்தாள். இருவரும் நலம்." அவ்வளவுதானா? மாமா சாவுக்கு வந்தவள், ஏழு மாதம்தான் என்று எங்களிடம் சொன்னவள், திரும்பிப் போகிற வழியிலேயே பெற்றுவிட்டாள், அதற்கு ஐந்து சொல்! அப்பா லாரி உதிரிபாகக் கடையைப் பாதியில் மூடிவிட்டு, கையில் கிரீஸோடு ஓடிவந்தார். அந்தக் கறை இன்னும் தந்தியில் இருக்கிறது.

பள்ளிக்கூட நிலப்படப் புத்தகத்தில் அக்ராவுக்கும் நைரோபிக்கும் நடுவே நூல் பிடித்து அளந்தேன். நாலாயிரத்து இருநூறு கிலோமீட்டர். ஐந்தரை மணி நேரப் பயணம். பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். நீ நேரத்தைச் சொன்னால் அந்தக் கோட்டில் ஒரு புள்ளி வைப்பேன். எந்தக் காட்டுக்கு மேலே என் அக்காள் மகள் பிறந்தாள் என்று தெரிய வேண்டாமா?

நேரம் தெரியாமல் கிழமை தெரியாது, கிழமை தெரியாமல் பெயர் ஏது? புதன் என்றால் அகுவா. வியாழன் என்றால் யா. நீ ஏறியது புதன், இறங்கியது வியாழன். இதில் அப்பாவுக்கும் எனக்கும் பெரிய சண்டை.

"லாரி எந்த ஊர்ல கிளம்புச்சோ அந்த ஊர்க் கணக்குதான். அகுவா!"

"அப்பா, விமானம் லாரி இல்ல. நைரோபி நம்மளவிட மூணு மணி நேரம் முன்னால இருக்கு. கிழக்க போகப் போக வியாழன் சீக்கிரமா வந்துடும்."

"படிச்சவ சொல்லிட்டா. கடவுள் எந்த ஊர்க் கடிகாரம் கட்டியிருக்கார்னு உன் வாத்தியார்கிட்டக் கேட்டுட்டு வா."

அம்மாவோ, அகுவா என்ற பெயர் காதில் விழுந்ததும் சூப்பைக் கிளறப் போய்விட்டாள். அடுப்பில் சூப்பே இல்லை.

நீ இங்கே இருந்தபோது நான் இதையெல்லாம் படத்தில் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? கிழக்கே பறந்தால் வியாழக்கிழமை நம்மை எதிர்கொண்டு வரும் என்றேன். நீ இரண்டு முறை கேட்டாய்.

அக்ராவிலிருந்து பறக்கும் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உடனே பதில் போடு.

உன் தங்கை,
திவா


குமாசி,
12 மார்ச் 1992

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். என் மூக்கும் திறந்துவிட்டது. உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நேற்று இங்கே விசேஷம் நடந்தது!

எட்டாம் நாள் தாண்டக் கூடாது என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். அத்தானுடைய சித்தப்பாவைக் கூப்பிட்டு, விடிந்ததும் முற்றத்தில் பெயர் வைத்தாயிற்று. எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்தோம். எதிர் அறை மெமுனா அத்தை ஊரெல்லாம் சிரிக்கும்படி கேட்டாள்: "பிள்ளையே இல்லாம விருந்தா? அப்ப அதோட பங்கும் எனக்குத்தான்."

பெயர் வைக்கும் அந்தச் சித்தப்பாவின் மடியில் வைக்க ஏதாவது வேண்டுமே. அம்மா உன் பெட்டியைத் திறந்து அந்த நீலத் துணியை எடுத்துவந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் நீ முதல் குழந்தையை முதுகில் கட்டியிருந்த துணி. வீட்டில் உன் வாசனை உள்ளது அது ஒன்றுதான் என்றாள். அதைக் குழந்தைபோலச் சுருட்டி மடியில் வைத்தார்கள். பெரியவர் விரலைத் தண்ணீரில் நனைத்துச் சொட்டினார்: "அகுவா, தண்ணியத் தண்ணின்னு சொல்லு." பிறகு சாராயத்தில் நனைத்து: "சாராயத்தச் சாராயம்னு சொல்லு." உண்மை பேசும் பிள்ளையாக வளர வேண்டும் என்று மூன்று முறை சொட்டினார்.

எல்லாம் முடிந்து துணியை மடிக்க எடுத்தேன். அக்கா, அது வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் ஏறவில்லை. ஈரம் பரவியிருக்க வேண்டும் அல்லவா? ஒரு சின்ன வாய் அளவுக்குத்தான் இருந்தது. அறிவியல்படி பருத்தித் துணியில் ஈரம் அப்படி நிற்காது. டீச்சரிடம் கேட்க வேண்டும்.

நேரத்தைச் சொல்ல மறக்காதே.

திவா


நைரோபி,
16 மார்ச் 1992

செல்லத் திவாவுக்கு,

உன் முதல் கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

குழந்தை அழகாக இருக்கிறாள். தலை நிறைய முடி. விமானத்தில் எனக்கு உதவி செய்த லாகோஸ்காரப் பெண்மணிக்குத் தங்கப் பல் ஒன்று. அவள் வியாபாரத்துக்குக் கொண்டுபோன புதுத் துணியைக் கிழித்துத்தான் குழந்தையைச் சுற்றினாள். சாப்பாட்டுத் தட்டுகளை அப்போதுதான் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். விமானம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது.

நேரம் கேட்டிருக்கிறாய். அந்த நிலையில் யார் கடிகாரம் பார்ப்பார்கள்? வியாழன்தான். அத்தான் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர், அவர் கணக்கும் வியாழன்தான். இங்கே எட்டாம் நாளன்று யா என்று பெயர் வைத்துவிட்டோம்.

அப்பாவிடம் சொல், அங்கே யாரும் எதுவும் செய்ய வேண்டாம். அந்த இன்னொரு பெயரை வீட்டுக்குள் சொல்லவே வேண்டாம். என் பெட்டியைத் திறக்க வேண்டாம். நீலத் துணியைத் தொட வேண்டாம்.

படிப்பில் கவனமாக இரு.

உன் அக்கா,
கொனாடு


குமாசி,
2 ஏப்ரல் 1992

அன்பு அக்காவுக்கு,

நீயும் யாவும் (அப்பா இல்லாதபோது அப்படித்தான் எழுதுவேன்) அத்தானும் சுகமா? தைலம் வந்தது. அம்மா முழங்காலுக்குப் போடாமல் முகர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நாங்கள் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டோம், அக்கா. என் இரண்டாவது கடிதம் உனக்கு வந்திருக்கும். கோபித்துக்கொள்ளாதே.

ஒரு விஷயம் எழுதலாமா என்று யோசித்தேன். கண்டதை உள்ளபடி எழுத வேண்டும் என்று கட்டுரை வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை சாயங்காலம். நம் முற்றத்தில் நான்கு வீட்டு உலக்கைகளும் ஒன்றாக ஃபுஃபுவுக்குக் கிழங்கு இடிக்கும் நேரம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், கத்தினாலும் கேட்காது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து பேச்சுப்போட்டிக்குப் படித்துக்கொண்டிருந்தேன். உலக்கை விழுந்து எழுகிற இடைவெளியில் ஒரு குழந்தை அழுதது. உலக்கை விழுந்தால் காணோம். எழுந்தால் இருக்கிறது. இடிப்பவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசி உலக்கையும் நின்றபோது அதுவும் நின்றுவிட்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு யாரோ மறுபடி இடிக்கத் தொடங்கினார்கள், ரொம்ப வேகமாக.

மெமுனா அத்தை என்னிடம் வந்தாள். "கொனாடு எப்ப வந்தா? சொல்லவேயில்ல. பிள்ளைக்குப் பசிபோல, பால் குடுக்கச் சொல்லு."

"அக்கா வரல அத்தை. நைரோபியில இருக்கா."

"என்கிட்டயே பொய் சொல்றியாடி? ரெண்டு வாரமா கேக்குறேன். ஒண்ணு அழும், ஒண்ணு முனகும்."

முனகுவது அம்மா தாலாட்டுகிற சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். அம்மா சந்தையிலிருந்து வந்திருக்கவே இல்லை. கட்டிலில் நீலத் துணி மட்டும் இருந்தது. நான் மடித்து வைத்த துணி, சுருண்டிருந்தது.

பூனை படுத்திருக்கலாம். நம்மிடம் பூனை இல்லை.

நேரம்?

திவா


நைரோபி,
14 ஏப்ரல் 1992

திவாவுக்கு,

உன் கடிதங்கள் இரண்டும் சேர்ந்து வந்தன. எனக்குக் கோபம் இல்லை. அம்மா, அப்பா சுகம்தானே?

யா நன்றாக இருக்கிறாள். தொந்தரவே கிடையாது. அழுவதே இல்லை. பக்கத்து வீட்டு முத்தோனி, "இப்படி ஒரு சமத்துப் பிள்ளைய நான் பார்த்ததே இல்ல" என்கிறாள். பால் கொடுத்தால் குடிக்கிறாள். கொடுக்காவிட்டால் கேட்பதில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை, சின்னக் குழந்தைதானே.

அந்தச் சத்தம் எந்த நேரங்களில் கேட்கிறது? சும்மா கேட்கிறேன்.

துணியை எரித்துவிடுங்கள். இல்லை, வேண்டாம். எரிக்க வேண்டாம். திவா, எரிக்கவே வேண்டாம்.

கொனாடு


குமாசி,
1 மே 1992

அன்பு அக்காவுக்கு,

இங்கே நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டும். நீ எப்படி இருக்கிறாய்? கடிதம் ஏன் அவ்வளவு சின்னது?

சத்தம் எந்த நேரத்தில் என்று கேட்டாய். காலையில் கஞ்சி காய்ச்சும்போது, மத்தியானம், நான் பள்ளி விட்டு வந்ததும், விளக்கேற்றும்போது. பசிக்கிற குழந்தை அழுகிற நேரங்கள் என்று மெமுனா அத்தை சொல்கிறாள். அவள் ஐந்து பெற்றவள். முனகல் அழுகைக்குப் பிறகு வருகிறது. அது வந்ததும் அழுகை அடங்கிவிடுகிறது.

அம்மா துணியை முதுகில் கட்டிக்கொண்டே இப்போது வேலை செய்கிறாள். நேற்று தண்ணீர் பிடிக்கும்போது முடிச்சை இறுக்கச் சொன்னாள். இறுக்கினேன். அக்கா, துணிக்கு அவ்வளவு கனம் இருக்காது. நான் கையை எடுத்துவிட்டேன். அம்மா திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "தூங்கிட்டாளா?"

அப்பா முதலில் "எலி" என்றார். பிறகு "மெமுனா வீட்டு ரேடியோ" என்றார். போன வாரம் கடையிலிருந்து வரும்போது ஒரு குழந்தைக் கொசுவலை வாங்கிவந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், உன் கட்டிலுக்கு மேலே ஆணி அடித்துத் தொங்கவிட்டார்.

நீ அவள் அழுவதே இல்லை என்கிறாய். இங்கே அழுகிறது. நீ கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. இங்கே அப்பா வாய் தவறி "அகுவா" என்றால் வலை அசைகிறது. நான் வகுப்பில் கணக்கில் முதல் ஆள், ஆனால் இந்தக் கணக்கைப் போடப் பயமாக இருக்கிறது.

அக்கா, நான்காவது முறையாக நேரம் கேட்கிறேன். புள்ளி வைப்பதற்காக இல்லை.

திவா


நைரோபி,
20 மே 1992

என் திவாவுக்கு,

நலம் விசாரிக்க மனம் இல்லை, மன்னித்துக்கொள்.

அன்று புதன்கிழமை காலையிலேயே எனக்கு வலி வந்துவிட்டது. குமாசியில், நம் வீட்டில், அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது. ஏழு மாதம் இல்லை, ஒன்பது முடியப்போகிறது என்று உங்கள் யாரிடமும் நான் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே பெற்றால் புதன். என் முதல் குழந்தையும் புதன்தான். அவளும் அகுவாதான். அதே அறை, அதே கட்டில், மூன்றே வாரத்தில் போய்விட்டாள். வந்து வந்து போகிற பிள்ளை அதே கிழமையில்தான் திரும்பி வரும் என்று மாமா சாவுக்கு வந்த கிழவிகள் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள்.

நீதான் படத்தைக் காட்டினாய். கிழக்கே பறந்தால் வியாழன் எதிர்கொண்டு வரும் என்றாய். என்னிடம் புதன்கிழமை டிக்கெட் இருந்தது. விமானம் சாயங்காலம் கிளம்பும், நம் ஊரில் இரவு ஒன்பதாகும்போது நைரோபியில் வியாழன் பிறந்துவிடும். அதுவரை தாங்கினால் போதும் என்று அகலத் துணியைச் சுற்றிக்கொண்டு ஏறினேன். இந்தப் பிள்ளை வேறு பிள்ளையாக, புதுப் பிள்ளையாக இருக்கட்டும் என்று.

நான் கடிகாரம் பார்த்தேன், திவா. அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னும் கொஞ்சம் பொறு கண்ணே, கொஞ்சம்தான்" என்று கெஞ்சினேன். அவள் பொறுக்கவில்லை. ஒன்பதாகச் சிறிது நேரம் இருந்தது. நம் ஊரில் புதன், நைரோபியிலும் புதன், கீழே இருந்த காட்டிலும் புதன். பணிப்பெண் நேரம் குறிக்கத் திரும்பி வருவதற்குள் நான் கைக்கடிகார முள்ளை ஒன்பதுக்கு மேலே தள்ளிவைத்தேன். அத்தானுக்கும் அந்த நேரத்தைத்தான் சொன்னேன். அவர் பாவம், நான் கொடுத்த நேரத்துக்குச் சரியாகக் கணக்குப் போட்டார்.

தண்ணீரைத் தண்ணீர் என்று சொல் என்று இங்கேயும் அவள் நாக்கில் சொட்டினோம். நான் புதனைப் புதன் என்று சொல்லவில்லை.

இப்போது கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறாள். போன வாரத்திலிருந்து பாலும் குறைந்துவிட்டது. டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். தூக்கினால் கனமே இல்லை. நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். வாய் வரவில்லை. கூப்பிட்டு, வருகிறவள் மறுபடி போகிற அந்தப் பழையவளாக இருந்தால்?

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு.

கொனாடு


குமாசி,
7 ஜூன் 1992

அன்பு அக்காவுக்கு,

தைரியமாக இரு. சாப்பிடு. குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாகவாவது பால் கொடு.

படித்துக் காட்டினேன். கடைசி வரி வரை அம்மா அசையவில்லை. முதுகில் துணி இருந்தது. பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "பேரு சரிதான். கூப்பிட்ட இடந்தான் தப்பு. உடம்பு அங்க கிடக்கு, நாம இங்க நின்னு கூப்பிட்டோம். வந்துட்டா. பிள்ள மேல என்ன தப்பு?"

"அப்ப இங்கிருந்தே போகச் சொல்லிருவோம்" என்றார் அப்பா.

"எப்படிப் போவா? நாலாயிரம் கிலோமீட்டர்னு உன் மக சொல்றா. தவழக்கூடத் தெரியாத பிள்ள."

அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு டிக்கெட் விசாரிக்கப் போனார். பிள்ளை பெற்றவளுக்கு ஒத்தாசைக்குத் தங்கையை அனுப்புவது ஊர் வழக்கம்தானே, யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நான் வருகிறேன். ஜூன் 17. அதுவும் புதன்கிழமைதான், அதே சாயங்கால விமானம். நான் வரும்வரை அவளை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடாதே.

பேச்சுப்போட்டிக்கு என் பெயரை எடுத்துவிட்டார்கள். பரவாயில்லை.

திவா


நைரோபி,
19 ஜூன் 1992

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? என் முதுகு மட்டும் வலிக்கிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். துணியை நீங்கள் கட்டிவிட்டபடியே, அவிழ்க்காமல் ஏறினேன். பணிப்பெண் என்னைத் தாண்டிப் போனவள் திரும்பிவந்து, "பிள்ளைய முன்னால மாத்திக்கட்டும்மா, மூச்சு முட்டும்" என்றாள். நான் திறந்து காட்டவில்லை. சொன்னபடி முன்னால் மாற்றிக் கட்டினேன். மடி கனத்தது.

பக்கத்து இருக்கை மனிதர் உகாண்டாக்காரர், தூங்கி வழிந்தார். நான் நிலப்படத்தைத் திறந்து கோட்டின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே வந்தேன். சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்பதாகவில்லை. அக்கா சொன்ன இடம் இதுதான் என்று தெரிந்தது. துணிக்குள் ஏதோ உதைத்தது. பிறகு அழுதாள். அம்மா, முற்றத்தில் கேட்ட அதே அழுகை, ஆனால் இடிக்கிற சத்தம் இல்லாமல், முழுசாக. உகாண்டாக்காரர் கண்ணைத் திறக்காமலே, "நல்ல தொண்டை" என்றார். "பேரு என்ன?"

சொன்னேன். சத்தம் அடங்கியது. அதன் பிறகு நைரோபி வரை அந்த முனகல்தான் இருந்தது. என் வலது தோள் பக்கமாக. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலிலேயே நின்றாள், எலும்பும் தோலுமாக. குழந்தை கட்டிலில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணியை அவிழ்த்து அவள் மேல் போர்த்தினேன். கட்டியிருந்தபோது இருந்த கனம் அவிழ்த்தபோது இல்லை. நான் கூப்பிடப் போனேன். அக்கா என் வாயைப் பொத்தினாள்.

"நாந்தான் சொல்லணும்" என்றாள். ஆனால் சொல்லாமல் நின்றாள். அத்தான் விவரம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அக்கா குனிந்து, குழந்தையின் காதில் இல்லை, முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "இன்னிக்கு நான் உண்மையச் சொல்றேன். நீ புதன்கிழமை பிறந்தவ. அகுவா. வா."

குழந்தையின் கண் கூரையிலிருந்து இறங்கி அக்காவிடம் வந்தது. பிறகு வீடு இடிந்துவிழுகிற மாதிரி ஒரு அழுகை. முத்தோனி கதவைத் தட்டி, "என்ன ஆச்சு அந்த சமத்துப் பிள்ளைக்கு?" என்று கேட்டாள். பால் குடித்துக்கொண்டே இருக்கிறாள், இன்று வரை.

நிலப்படத்தில் புள்ளி வைத்துவிட்டேன். பேனாவில். பள்ளிக்கூடத்தில் திட்டட்டும்.

ஒன்று மட்டும். பால் குடித்து முடித்ததும் அவள் அக்காவைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், பிறகு என் வலது தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரிக்கிறாள். அதைப் பார்த்தால் அக்கா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொள்கிறாள். பழையவள் இவளைக் கூட்டிக்கொண்டுபோக வந்திருக்கிறாளோ என்று என்னிடம் கேட்டாள். அம்மா, நம் வீட்டில் இப்போது சத்தம் கேட்கிறதா? மெமுனா அத்தையிடம் கேட்டு எழுதுங்கள்.

திவா


குமாசி,
3 ஜூலை 1992

திவாவுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நான் சரியாக எழுதுகிறேனா என்று படிக்கத் தெரியாதவள் எட்டிப் பார்க்கிறாள்.

நாங்கள் சுகம். நீங்கள் நால்வரும் சுகமாக இருக்க வேண்டும். பேத்தி பால் குடிப்பது கேட்டுக் கடையில் எல்லோருக்கும் சோறு வாங்கிக்கொடுத்தேன்.

வீட்டில் சத்தம் ஒன்றும் இல்லை. கொசுவலை அசையவில்லை. உலக்கை இடிக்கும்போது நின்று நின்று கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மெமுனாவிடம் கேட்டோம். கேட்க வேண்டியதே இல்லை, அவளே உன் அம்மாவிடம் சண்டைக்கு வந்துவிட்டாள். "என்கிட்டச் சொல்லாம ரெண்டு பிள்ளைங்களையும் எங்க அனுப்பிட்டீங்க?" என்றாள். எந்த ரெண்டு என்று உன் அம்மா கேட்டாள். "சின்னது அழும், பெருசு சமாதானம் பண்ணும். பெருசு ரொம்ப நல்ல பிள்ளை. ஒரு நாள்கூட தங்கச்சிய அழவிட்டதில்ல. நான் எழுந்து போகணும்னு நினைக்கும்போதெல்லாம் அது முந்திக்கும்" என்றாள்.

உன் அம்மா அதைக் கேட்டதும் தாளையும் பேனாவையும் தேடி எடுத்துவந்தாள். பிறகு உனக்கு இதை எழுதச் சொன்னாள். கொனாடுவிடம் சொல். பெரியவள் பறிக்க வரவில்லை. இத்தனை மாதம் சின்னவளைப் பார்த்துக்கொண்டவளே அவள்தான். நீலத் துணி அவளுடையது, திருப்பி அனுப்ப வேண்டாம். பாயில் ஓரத்தில் கொஞ்சம் இடம் விடச் சொல்.

இனி பயப்படாமல் வாய்விட்டுக் கூப்பிடச் சொல். இரண்டு பேருக்கும் ஒரே பெயர்தானே, ஒரு தடவை கூப்பிட்டால் போதும்.

அப்பா